கடைசி ரீல் இல்லாத கப்பல் படம்

புன்னைத்தாழைக்கு யாராவது அசலூர்க்காரர் போய்ச் சினிமாவைப் பற்றி வாயைத் திறந்தால், அந்த ஊர்க்காரர்கள் இன்றைக்கும் ஒரு பேச்சு சொல்வார்கள். "எங்க ஊர்ல படம் ஓடினா, அதுல ஒருத்தரும் கடல்ல சாக மாட்டாங்க." சொல்லிவிட்டு வேட்டியை ஒருமுறை இறக்கிக் கட்டிக்கொண்டு, கேட்டவர் முகத்தில் சிரிப்பு வருகிறதா என்று பார்ப்பார்கள். சிரிப்பு வந்தால் அவருக்கு அன்றைக்கு அந்த ஊரில் குடிக்கத் தண்ணீர் கிடைக்காது. சிரிக்காமல் எப்படி என்று கேட்டால், உட்கார வைத்து, கருவாட்டு வியாபாரி பிரகாசியம்மாளில் இருந்து கதையைத் தொடங்குவார்கள்.

பிரகாசியம்மாள் அப்போது நடுவயதுக்காரி. தலையில் கருவாட்டுக் கூடையும் வாயில் வெற்றிலையுமாகத் திருச்செந்தூர் வரைக்கும் நடந்துபோய் வியாபாரம் பண்ணிவிட்டு, போன வேகம் குறையாமல் திரும்பி வருகிறவள். அவள் குரலைக் கேட்டால் கடற்கரையில் காக்கை எழும்பும். அவள் புருஷன் கொழும்புக்குப் போய், அங்கே இருந்து இங்கிலீஷ்காரன் கப்பலில் கரி அள்ளிப்போடும் வேலைக்குச் சேர்ந்து, உலகச் சண்டை மும்முரமாக நடந்த காலத்தில் எந்தச் சமுத்திரத்திலோ நீர்மூழ்கிக்காரன் அடித்துக் கப்பலோடு இறங்கிப்போனான். அவனைப் போலக் கப்பலுக்குப் போய்த் திரும்பாதவர்கள் அந்த ஊரில் இன்னும் சிலர் இருந்தார்கள். அவர்களுக்கு மாதா கோவில் கல்லறைத் தோட்டத்தில் சிலுவை கிடையாது. புதைக்க ஒன்றும் வராததால் சிலுவை நட யாருக்கும் தோன்றவில்லை.

சண்டை முடிந்து சில வருஷங்கள் போன பிறகு, ஈஸ்டர் கழிந்து கச்சான் காற்று தொடங்கப்போகிற சமயத்தில், வெயிலுமுத்து நாடார் தன்னுடைய டூரிங் கொட்டகையை மாட்டுவண்டிகளில் ஏற்றிக்கொண்டு வந்து ஊருக்குத் தெற்கே செம்மண் மேடான தேரிமணலில் கூடாரம் அடித்தார். மூன்று நாளைக்கும் ஒரே இங்கிலீஷ் படம். கப்பல் படம், சண்டைப் படம் என்று தமுக்கு அடித்தார்கள். தூத்துக்குடியில் அந்தப் படப்பெட்டி அவருக்குச் சல்லிசாகக் கிடைத்திருந்தது. ஏன் சல்லிசு என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

முதல் நாள் ஆட்டத்துக்கு ஊரே போனது. வெள்ளைத் துணியில் சாம்பல் நிறக் கடல் எழும்பியது. ஒரு பெரிய கப்பல் வந்தது, அதன் வயிற்றில் தண்ணீருக்கு அடியில் இருந்து ஏதோ வந்து முட்டியது, கப்பல் சாய்ந்தது, சாய்ந்த கப்பலில் இருந்து ஒரு படகு மட்டும் விலகியது. படகில் தொப்பி வைத்த ஆபீசர் ஒருத்தர், கிளிக்கூண்டை மடியில் இறுக்கிக்கொண்ட தடித்த சீமாட்டி, சமையல்காரன், காலொடிந்த மாலுமி, இன்னும் சிலர். ஆபீசர் படகில் எழுந்து நின்று சுற்றிலும் பார்த்து என்னவோ சொன்னார். முன்வரிசை நாற்காலியில் இருந்த பங்குச்சாமியார் திரும்பி, "எங்கள் ஆட்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள் என்று சொல்லுகிறார்" என்று சத்தமாகச் சொன்னார். அதற்கப்புறம் ஒருத்தருக்கும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. தாகமும் வெயிலும் அவர்களுக்குத் தெரிந்த மொழி. "எலே, கடல்தண்ணியக் குடிக்காத, கொடலு வெந்துபோவும்!" என்று ஆண்கள் திரையைப் பார்த்துக் கத்தினார்கள். "காலொடிஞ்சவனை நெழல்ல படுக்கப் போடுங்களேம்" என்று பெண்கள் கத்தினார்கள்.

தண்ணீர்ப் பீப்பாயில் கடைசிச் சொட்டும் தீர்ந்து, எல்லாரும் படகின் அடியில் சுருண்டு கிடந்த இடத்தில் படம் அறுந்து, திரை வெள்ளையாகிவிட்டது.

"அவ்வளவுதான். கடைசி ரீலு கெடையாது" என்றார் வெயிலுமுத்து.

"அப்ப அவங்க கதி?"

"எனக்கு எப்படித் தெரியும்? பொட்டியே இப்படித்தான் வந்துச்சு."

பிரகாசியம்மாள் மணலில் இருந்து எழுந்தாள். "நடுக்கடல்ல ஆளை வுட்டுட்டு, அவ்வளவுதாங்கீரே, நீரு மனுசந்தானா அண்ணாச்சி?"

அன்றைக்கு ஊரில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. கரை தெரியாமல் கிடக்கிற படகை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பிரகாசியம்மாளுக்கு மட்டும் நினைப்பு அந்தப் படகில் இல்லை. கப்பல் சாய்ந்து படகு விலகிய இடத்தில், திரையின் ஓரத்தில், கண்மூடித் திறக்கும் நேரத்துக்கு, தலையில் துண்டு கட்டிய ஒரு கறுத்த ஆள் பலகையைக் கட்டிக்கொண்டு தண்ணீரில் கிடந்ததை அவள் பார்த்திருந்தாள். பக்கத்தில் இருந்தவர்களைக் கேட்டாள். ஒருத்தரும் பார்க்கவில்லை. எல்லாரும் படகைத்தான் பார்த்திருந்தார்கள்.

மறுநாள் விடிந்து, மீனுக்குப் போன வள்ளங்களில் முதலில் திரும்பி வந்தது அவள் தம்பி கிறகோரியின் வள்ளம். பின்னால் கயிறு கட்டி ஒரு படகை இழுத்துக்கொண்டு வந்தான். கரையில் குதித்து, "சீலா மீனு கெடக்குற எடத்துக்குக் கெழக்க கெடந்தாங்க. ராத்திரி பாத்தோம்லா, அவங்கதான். கஞ்சித்தண்ணி கொண்டாங்க" என்றான். வலையில் சுறா விழுந்ததைச் சொல்கிற குரலில்தான் சொன்னான். பெண்களும் அதே மாதிரி கேட்டுக்கொண்டு கஞ்சித்தண்ணிக்கு ஓடினார்கள்.

படகும் சாம்பல் நிறம், படகில் இருந்தவர்களும் சாம்பல் நிறம். காய்ந்த உதட்டில் இருந்து கண்ணின் பாவை வரைக்கும் கறுப்பும் வெளுப்பும் தவிர வேறு நிறம் இல்லை. அதைப் பற்றி யாரும் பேசவில்லை, ஏனென்றால் அதற்கு நேரம் இல்லை. ஒரே மூச்சில் குடிக்கவிடாமல் வாயை நனைத்து நனைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது, காலொடிந்தவனுக்குக் கட்டுப்போட வைத்தியரைக் கூப்பிட வேண்டியிருந்தது, யார் வீட்டில் யாரை வைத்துக்கொள்வது என்பதில் நான் முந்தி நீ முந்தி என்று பெண்களுக்குள் சண்டை வந்து அதைத் தீர்க்க வேண்டியிருந்தது. ஊர்த்தலைவர் இன்னாசி பட்டங்கட்டி ஆபீசரைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். சமையல்காரனை மெலிஞ்சியார் குடும்பம் எடுத்துக்கொண்டது. சீமாட்டி, கிளிக்கூண்டோடு, பிரகாசியம்மாள் வீட்டுக்கு வந்தாள்.

அவர்களுடைய உடுப்பைத் துவைத்தபோது தண்ணீர் மையைக் கரைத்த மாதிரி ஓடியது. பழுத்த மிளகாய் ஒன்றைக் கொத்தித் தின்ற உடனே கிளிக்கு வாலில் இருந்து பச்சை ஏறியது. சீமாட்டிக்கு நெத்திலிக் குழம்பில் மூக்கு சிவந்து, பிறகு கன்னம் சிவந்தது. இவர்களுக்குத் திரும்ப ஞானஸ்நானம் கொடுக்க வேண்டுமா என்று உபதேசியார் கேட்டதற்குப் பங்குச்சாமியார் கொஞ்ச நேரம் தாடியைத் தடவிவிட்டு, "முதலில் சாப்பிடட்டும்" என்றார். அதுவே தீர்ப்பாகிவிட்டது. பக்கத்து ஊர்களில் இருந்து ஆட்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். புன்னைத்தாழை ஆண்கள் அவர்களை நிற்கவைத்து, எந்தக் காற்றில் போனோம், எப்படிக் கயிறு போட்டோம் என்று விளக்கி விளக்கிச் சொன்னார்கள். அன்றைக்கு அந்த ஊரில் ஒருத்தரும் தலைகுனிந்து நடக்கவில்லை.

வந்தவர்களுக்குப் பேச்சு மட்டும் குறைவாக இருந்தது. படத்தில் பேசினதைத்தான் அவர்களால் பேச முடிந்தது. பிரகாசியம்மாள் பட்டங்கட்டி வீட்டு முற்றத்தில் போய் நின்றாள்.

"மாமா, இன்னும் ஒருத்தன் தண்ணியில கெடக்கான்."

"யாரு பிள்ள?"

"துண்டு கட்டின ஆளு. நம்ம நெறம். பலகையைப் பிடிச்சிட்டுக் கெடந்தான். நான் என் கண்ணால பாத்தேன்."

அங்கே வந்திருந்த பங்குச்சாமியார் ஆபீசரிடம் இங்கிலீஷில் கேட்டார். ஆபீசர் எழுந்து நின்று, சுற்றிலும் பார்த்து, "எங்கள் ஆட்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள்" என்றார். படத்தில் அவருக்கு எழுதிக் கொடுத்திருந்தது அதுதான். திரும்பக் கேட்டாலும் அதையே சொன்னார்.

"அவரு கப்பல்ல இருந்த மனுசன். அவருக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிரும்?" என்றார் பட்டங்கட்டி. ஆனாலும் ஊர்ப்பழக்கத்துக்கு ஒரு வள்ளத்தை அனுப்பினார். போனவர்கள் அரை மனதாகச் சுற்றிவிட்டுத் திரும்பி, ஒன்றும் இல்லை என்றார்கள்.

இரண்டாம் நாள் ஆட்டத்துக்கு ஊர் தன் விருந்தாளிகளையும் கூட்டிக்கொண்டு போனது. வெயிலுமுத்து கையைப் பிசைந்தார். "படத்துல ஆளு இல்லாம நான் என்னத்தைக் காட்டுவேன்? பொட்டியைத் திருப்பிக் கேட்டா என்ன பதில் சொல்லுவேன்?"

"கடலைக் காட்டும். நாங்க பாக்கோம்" என்றான் கிறகோரி.

விளக்கு எரிந்தது. கப்பல் வந்தது, சாய்ந்தது. படகு விலகவேண்டிய இடத்தில் படகு இல்லை. வெறும் கடல். கூடாரமே எழுந்து கை தட்டியது. கிழவர்கள் கூட விசில் அடித்தார்கள். நாம் எடுத்துவிட்டோம், நாம் கரையேற்றிவிட்டோம் என்று ஒருவர் முதுகில் ஒருவர் தட்டிக்கொண்டார்கள். தட்டிக்கொண்டிருக்கும்போதே படம் கடலை இப்படியும் அப்படியும் தேடியது. பார்க்க வேறு யாரும் இல்லாததால், ஓரத்தில் கிடந்த ஒரு பலகையைக் கண்டுபிடித்து அதில் போய் நின்றது. பலகையில் ஒரு ஆள். தலையில் துண்டு. அதற்கப்புறம் படம் முழுக்க அவன்தான். வெயிலில் அவன்தான், அலையில் அவன்தான், பலகை நழுவும்போது எட்டிப் பிடித்தவனும் அவன்தான். முகம் மட்டும் தெளியவில்லை. படம் எடுத்தவர்கள் அவனை நினைத்து எடுக்காததால், ஈரக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிறவன் மாதிரி கலங்கலாகவே இருந்தான்; ஊரே பார்க்கப் பார்க்க, கடைசியில்தான் கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தது.

ஆபீசர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். வாயைத் திறந்தார். பழைய வாக்கியம் வரப்பார்த்தது. அவர் உதட்டைக் கடித்து அதை நிறுத்தினார்.

விடியும்போது கச்சான் எழும்பிவிட்டது. தேரிமணல் பறந்து கோவில் சன்னலில் அடித்தது. கரையில் இருந்து கடலைப் பார்த்து வீசுகிற காற்று அது. போகிறவனைத் தள்ளிக்கொண்டு போகும், திரும்புகிறவனை விடாது. வள்ளங்கள் மேட்டில் கிடந்தன. ஆண்கள் வள்ளங்களைப் பார்த்தார்கள், பட்டங்கட்டியைப் பார்த்தார்கள். பட்டங்கட்டி வானத்தைப் பார்த்தார்.

"காத்து கொறையட்டும்" என்றார்.

பிரகாசியம்மாள் கூடையைக் கீழே வைத்தாள். "மாமா, நேத்து சாயங்காலம் வரைக்கும் நம்மள மாதிரி ஆளு உண்டான்னு பேசினோம். அசலூர்க்காரனை நிப்பாட்டி வச்சுப் பேசினோம். தொரைமாரைத் தூக்கிட்டு, நம்ம மாதிரி இருந்தவனை வுட்டுட்டு வந்தோம்னு நாளைக்கு அவங்க பேசுவாங்க. பேசட்டும், அது கூடப் பெருசில்ல. என் வீட்டு மனுசன் இப்படித்தான கெடந்திருப்பாரு? அவரைக் கடந்து ஒரு படகு போயிருக்கும்லா? அதுல ஒருத்தன் எழும்பி நின்னு, எல்லாரும் வந்தாச்சுன்னு சொல்லியிருப்பாம்லா?"

அவள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு தம்பியின் வள்ளத்தில் ஏறினாள்.

"அக்கா, பொம்பளை ஏறக்கூடாதுக்கா."

"ஏறிட்டேன். தள்ளு."

கிறகோரி தள்ளினான். தள்ளுவதற்கு இன்னும் நாலைந்து தோள்கள் வந்தன. கடைசியாக ஒரு சாம்பல் நிறத் தோளும் வந்தது. ஆபீசர் கோட்டைக் கழற்றி மணலில் போட்டுவிட்டு ஏறி, யாரும் சொல்லாமல் துடுப்புப் பக்கம் உட்கார்ந்துகொண்டார். அவர்கள் போவதைப் பார்த்து இன்னொரு வள்ளம் இறங்கியது. அதைப் பார்த்து இன்னொன்று. கடைசியில் பட்டங்கட்டியின் வள்ளமும், அவரே சுக்கான் பிடிக்க, இறங்கியது.

காற்று அவர்களை உருட்டிக்கொண்டு போனது. கரைப் பனைகள் அடிவானத்தில் முழுகி, கோவில் சிலுவையும் முழுகின பிறகு, நீலக் கடலின் நடுவே சாம்பல் நிறமாக ஒரு திட்டுத் தண்ணீரைக் கண்டார்கள். அதற்குள் அலைகூடக் கறுப்பும் வெளுப்புமாகத்தான் எழும்பியது. "அங்க!" என்று பிரகாசியம்மாள் போட்ட சத்தம் எல்லா வள்ளங்களுக்கும் கேட்டது. பலகையைக் கட்டிக்கொண்ட கை விறைத்துப்போய், பிரிக்க முடியாமல், பலகையோடு சேர்த்தே அவனை வள்ளத்துக்குள் இழுத்துப் போட்டார்கள். மூச்சு இருந்தது.

திரும்புகிற பாடு பெரும்பாடு. பாய் நிற்கவில்லை. இறக்கிவிட்டு, எதிர்க்காற்றில் தண்டு வலித்தார்கள். ஒரு பாகம் முன்னால் போனால் அரைப் பாகம் பின்னால் தள்ளியது. கிறகோரிக்கு வாயில் நுரை வந்தது. ஆபீசர் பழக்கமில்லாத கையோடு வலித்து வலித்து, உள்ளங்கை தோல் கிழிந்து, துடுப்பில் ரத்தம் வழிந்தது. அது சிவப்பாக இருந்தது. அந்த மனிதரிடம் வந்த முதல் நிறம் அதுதான்.

பிரகாசியம்மாள் வள்ளத்தின் அடியில் உட்கார்ந்து அவன் தலையை மடியில் வைத்து, துணியை நனைத்து வாயில் பிழிந்துகொண்டிருந்தாள். இவ்வளவு கிட்டத்திலும் முகம் கலங்கலாகவே இருந்தது. மூக்கு எங்கே முடிகிறது, கண் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. தலைமுடி அவள் புருஷனுடையது மாதிரி இருந்தது. தோளும் அப்படித்தான் இருந்தது. யாராகவும் இருக்கலாம். உற்றுப் பார்த்தால் தெளியும் என்று அவளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. திரையில் நேற்று ஊரே பார்த்துக்கொண்டிருந்தபோது கடைசிக்குக் கடைசி கொஞ்சம் தெளிந்ததை அவள் கவனித்திருந்தாள். அதனால் அவள் பார்க்காமல் இருந்தாள். அலையைப் பார்த்தாள், தம்பி முதுகைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள். பார்க்காத வரைக்கும் அது அவராகவே இருக்கலாம். இத்தனை வருஷம் பொறுத்ததற்கு, கரை தட்டும் வரைக்குமாவது மடியில் கிடக்கட்டும்.

அப்போது அவன் முனகினான். மூச்சு ஒரு விக்கலாகத் தடுக்கி, நின்றுவிடும்போல் இருந்தது. யாரும் பார்க்காமல் விட்டால் அவன் போய்விடுவான் என்று அவளுக்குப் பட்டது.

"இந்தாரு, நான் பாக்கேன், நீ மூச்சு வுடு" என்று சொல்லி, குனிந்து, இமைக்காமல் அவன் முகத்தைப் பார்த்தாள்.

நெற்றி வந்தது. புருவம் வந்தது. அம்மைத் தழும்பு உள்ள ஒரு கன்னமும், ஒருபக்கம் வளைந்த மூக்கும், அவள் அதுவரை பார்த்தே இராத ஒரு இளம் முகமும் வந்தன. அவள் கண்ணில் இருந்து தண்ணீர் அந்த முகத்தில் விழுந்தது. விழுந்த இடத்தில் கறுத்த தோல் பளபளவென்று நிறம் கொண்டது. அவன் நன்றாக மூச்சு விட்டான். "யாரு பெத்த பிள்ளையோ" என்றாள் அவள், துணியைத் திரும்ப நனைத்துக்கொண்டே.

கரையில் ஊரே நின்றது. ஒவ்வொருவராக வந்து குனிந்து அவன் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். கோவிலில் சுரூபத்தை முத்தமிட வரிசையில் போகிற மாதிரி போனார்கள். பார்க்கப் பார்க்க அவனுக்குக் காது தெளிந்தது, விரல்நகம் தெளிந்தது, சட்டையின் கிழிசல் தெளிந்தது. ஆபீசர் கட்டுப்போட்ட கையோடு வந்து அவன் முன்னால் மணலில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். அவர் பார்த்ததில்தான் அவன் கண்கள் தெளிந்தன.

ஆனால் அவனுக்குப் பேச்சு இல்லை. படத்தில் அவனுக்கு ஒரு வார்த்தைகூடக் கொடுத்திருக்கவில்லை. பங்குச்சாமியார் தமக்குத் தெரிந்த மொழிகளில் எல்லாம் கேட்டுப் பார்த்தார். அவன் தலையை மட்டும் ஆட்டினான். கூப்பிட ஒரு பேர் வேண்டுமே என்று அந்தோனி, சந்தியாகு என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். பிரகாசியம்மாள் விடவில்லை. "அவனைப் பெத்தவ ஒண்ணு வச்சிருப்பா. பொறுங்க."

அன்றைக்கு ராத்திரி மூன்றாம் நாள் ஆட்டம், கடைசி ஆட்டம். வெயிலுமுத்து டிக்கெட் கேட்கவில்லை. இந்தத் தடவை திரையில் கப்பல் சாய்ந்த பிறகு கடல் மட்டும் இருந்தது. பலகை இல்லை, தலை இல்லை, ஒரு கைகூட இல்லை. படம் நான்கு பக்கமும் தேடித் தேடி, யாரையும் காணாமல், அலைகளைக் காட்டிக்கொண்டே இருந்தது. ஊர் அசையாமல் அதைப் பார்த்தது. சுத்தமாகக் கூட்டிப் பெருக்கிய முற்றத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தது. யாரும் கை தட்டவில்லை. தட்டத் தேவையில்லாத அளவுக்கு எல்லாருக்கும் நெஞ்சு நிறைந்திருந்தது.

பாதியில் அவன் எழுந்தான். தான் கிடந்த கடலைத் திரையில் பார்த்தபடி, நெஞ்சில் கையை வைத்து, துருப்பிடித்த தாழ்ப்பாள் திறக்கிற குரலில் ஒரே ஒரு சொல் சொன்னான்.

"கசிமுத்தீன்."

பிரார்த்தனைக்குப் பதில் சொல்லியே வளர்ந்த ஊர் அது. யாரும் சொல்லிக்கொடுக்காமல், கூடாரம் முழுக்க ஒரே குரலில் திருப்பிச் சொன்னது: "கசிமுத்தீன்." அவன் பயந்து, பிறகு சிரித்தான். திரும்பச் சொன்னான். அவர்களும் திரும்பச் சொன்னார்கள்.

அப்போது பிரகாசியம்மாள் எழுந்தாள். அந்தக் கடற்கரையில் பெண்கள் புருஷன் பேரை வாயால் சொல்வதில்லை. கல்யாணமான நாளில் இருந்து அவள் அதைச் சொன்னதில்லை. அவன் போன பிறகு, ஜெபத்தில்கூட, "அவரு" என்றுதான் சொல்லியிருந்தாள். இப்போது நெஞ்சை நிமிர்த்தி, கடலைப் பார்த்து, கருவாடு விற்கிற முழுக் குரலில் சொன்னாள்.

"சவரியான்."

பிறகு இன்னாசி பட்டங்கட்டி எழுந்து நின்றார். அவர் எழுந்ததும் கிறகோரி எழுந்தான், ஆபீசரும் சீமாட்டியும் எழுந்தார்கள், கசிமுத்தீன் எல்லாரையும் பார்த்துவிட்டு அவள் பக்கம் திரும்பினான். கூடாரமே நின்றுகொண்டு சொன்னது.

"சவரியான்."

கப்பலில் ஆளைப் பறிகொடுத்த பெண்கள் அங்கங்கே எழும்பத் தொடங்கினார்கள். தொம்மை என்றாள் ஒருத்தி. சூசை என்றாள் ஒருத்தி. யாகப்பன் என்றாள் ஒரு தாய். ஒவ்வொரு பேரையும் ஊர் வாங்கித் திருப்பிச் சொன்னது. எல்லாருக்கும் சொல்லி முடிந்ததும், பிரகாசியம்மாள் உட்காராமல் அப்படியே நின்றாள்.

"என் வீட்டுக்காரர் பேரை இன்னொருக்கச் சொல்லுங்க" என்றாள்.

சொன்னார்கள்.